கல்விக்காகக் கடன்



சில மாதங்களுக்கு முன்பு ஒரு மாலைப் பொழுதிலே எங்கள் அயலவர் ஒருவர் கையில் ஒரு படிவத்துடன் என் வீட்டுப் படியேறினார். அவருடைய மகன் உயர்தரப் பரீட்சையிலே மூன்று பாடங்களிலும் சித்தியடைந்தவன். எனினும் அரச பல்கலைக் கழகத்துக்கு வேண்டிய இசட் புள்ளி அவனுக்குக் கிட்டவில்லை. அரசு சாராத நிறுவனம் ஒன்றிலே கணினிப் பட்டப் படிப்பிற்குச் சேர்ப்பதென வீட்டிலே தீர்மானித்திருக்கிறார்கள். அதற்கு ஒரு நிதிக் கம்பனி கடன் தருகிறதாம். பிணையாளி ஒருவர் வேண்டுமாம்.

“அண்ணை, ஒரு கையெழுத்துத்தான்” என்றார்.

“கடன் எவ்வளவு, தம்பி?”

“மாதம் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு. ஐந்து வருடம்.”

நான் கேட்டது கடன் தொகையை. அவர் கூறியது தவணைத் தொகையை. கடன் கொடுப்போர் பலர் நமக்குக் கற்பித்து வைத்திருக்கும் பாடம் இது. தவணையைக் கேள், மற்றவற்றைக் கேளாதே! படிவத்தைப் பிரித்துப் பார்த்தேன். கடன் 5 இலட்சம் ரூபா. வட்டி நூற்றுக்கு 10 வீதம். கேட்பதற்கு மிகவும் நியாயமாகவே இருந்தது. அன்றிரவு இருவரும் விளக்கடியில் அமர்ந்து போட்ட கணக்கே இன்றைய என் பேச்சுக்கு அடிப்படை.

கல்விக்காகக் கடன்படுதல் நம் நாட்டிலே பெரும்பான்மையோருக்குச் சற்றுப் புதிய அநுபவம். கன்னங்கரா அவர்கள் முன்னின்று கொண்டுவந்த இலவசக் கல்வித் திட்டம் 1945 ஆம் ஆண்டிலே நடைமுறைக்கு வந்தது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக் கழகம் வரை கட்டணமின்றிப் படிக்கும் வழி அதனாலே திறந்தது. அதற்கு முன்னர் யாழ்ப்பாணத்திலே புகையிலை விற்ற காசு கல்லூரிக் கட்டணமாயிற்று. அது போதாத போது காணி ஒற்றிக்குப் போயிற்று. இலவசக் கல்வி வந்த பின் அந்தக் கவலை பெரிதும் ஒழிந்தது. இன்றைக்கும் அரச பல்கலைக் கழகத்திலே இடம் கிடைத்த மாணவன் பட்டப் படிப்புக்குக் கடன்பட வேண்டியதில்லை. 1981 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி அமைந்த மகாபொல நிதியத்தின் உதவிப் பணமும், வேறு உதவுதொகையும் தகுதியுடையோர்க்கு உண்டு. மகாபொலப் பணம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக 2025 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்திலே உயர்த்தப்பட்டது. இவை திருப்பிக் கொடுக்க வேண்டாத பணம். இவற்றையும் கடனையும் சிலர் ஒரே மூச்சிலே ‘உதவி’ என்கிறார்கள். விளம்பரங்களும் அப்படியே சொல்கின்றன. திருப்பிக் கொடுக்க வேண்டியதா, வேண்டாததா என்பதை முதலிலே பிரித்தறிந்து கொள்ளுதல் அவசியம்.

இடம் கிடைக்காதவர்கள் எல்லோரும் உடனே கடன் வாங்க ஓட வேண்டும் என்பதுமில்லை. உயர் தொழினுட்பக் கல்வி நிறுவகங்கள் யாழ்ப்பாணத்திலும், மட்டக்களப்பிலும், திருகோணமலையிலும், வேறு நகரங்களிலும் இருக்கின்றன. அங்கே முழுநேர உயர் தேசிய டிப்ளோமாப் படிப்புகள் கட்டணமின்றி நடைபெறுகின்றன. 1980 இல் நிறுவப்பட்ட திறந்த பல்கலைக் கழகத்திலே கட்டணம் உண்டு; ஆயினும் உழைத்துக் கொண்டே பகுதி பகுதியாகக் கட்டிப் படிக்கலாம். இவற்றை இரண்டாந்தரம் என ஒதுக்கும் பெற்றோர் பலர். எதை வைத்து அப்படித் தரம் பிரிக்கிறார்கள் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இனிக் கடனுக்கு வருவோம். அயலவருடைய படிவத்திலே 10 வீதம் என்றிருந்ததல்லவா? அதன் பக்கத்திலே சிறிய எழுத்தில் ‘நிலை வட்டி’ என்னும் பொருள்பட ஒரு சொல் இருந்தது. கருத்து என்னவென்றால், 5 இலட்சத்துக்கு ஆண்டுக்கு 50 ஆயிரம் ரூபா வட்டி. ஐந்தாண்டுக்கு 2 இலட்சத்து 50 ஆயிரம். முதலும் வட்டியுமாக 7 இலட்சத்து 50 ஆயிரம். அதை 60 மாதத்தாற் பிரித்தால் 12,500 வருகிறது. கணக்கிலே பிழையில்லை. ஆனால் நான்காம் ஆண்டு முடிவிலே இவர் முதலின் பெரும் பகுதியைத் திருப்பிக் கொடுத்திருப்பார். அப்பொழுதும் முழு 5 இலட்சமும் தம் கையில் இருப்பது போலவே வட்டி கட்டிக்கொண்டிருப்பார்.

இதே 10 வீதத்தைக் குறைந்து செல்லும் நிலுவைக்கு மட்டும் கணித்தால் மாதத் தவணை ஏறக்குறைய 10,625 ரூபாவே ஆகும். ஐந்தாண்டுக்கான வட்டி 1 இலட்சத்து 37 ஆயிரம் அளவில் நின்றுவிடும். மறுபுறமாகப் பார்த்தால், நிலை வட்டி 10 வீதம் என்று சொல்லி வாங்கும் 12,500 ரூபாத் தவணை, குறையும் நிலுவைக் கணக்கிலே 17 வீதத்துக்கும் சற்று மேலான வட்டிக்குச் சமம். அயலவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். “அப்படியென்றால் பொய் சொன்னார்களா, அண்ணை?” என்றார். இல்லை, பொய் சொல்லவில்லை. அவர் கேட்ட கேள்விக்கு விடை சொன்னார்கள். அவர் கேளாத கேள்விக்குச் சொல்லவில்லை.

அடுத்தது, வட்டி எந்த நாளிலே பிறக்கிறது என்பது. அமெரிக்காவில் மத்திய அரசாங்கம் மாணவர்க்குக் கொடுக்கும் கடனிலே இரண்டு வகை உண்டு. ஒன்றிலே மாணவன் படிக்கும் காலத்து வட்டியை அரசாங்கமே ஏற்றுக்கொள்ளும். மற்றதிலே பணம் கைமாறிய நாளிலிருந்தே வட்டி ஏறத் தொடங்கும். இரண்டும் ஒரே அலுவலகத்திலிருந்து, ஒரே மாணவனுக்கு, ஒரே ஆண்டிலே வரக்கூடும். பெற்றோரிற் சார்ந்திருக்கும் முதலாண்டு மாணவன் 5,500 டொலர் வரை பெறலாம் என்றால், அதிலே 3,500 டொலர் வரையே முதல் வகையாக இருக்கலாம். பெயரிலே ஒரு சிறு அடைமொழி வேறுபாடுதான். படிப்பு முடியும் நாளிலே அந்த அடைமொழியின் விலை தெரியும்.

நம்முடைய பணத்திலே அதைக் கணித்துப் பார்ப்போம். நான்காண்டுப் படிப்புக்கு ஆண்டு தோறும் தொடக்கத்தில் 2 இலட்சம் ரூபா வீதம் ஒரு மாணவி கடன் பெறுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டி 12 வீதம். படிக்கும் காலத்திலே ஒன்றும் கட்டத் தேவையில்லை என்று சொல்லப்படுகிறது. வீட்டிலே எல்லோருக்கும் மகிழ்ச்சி. முதல் 2 இலட்சம் நான்காண்டு வட்டி சுமக்கும், அடுத்தது மூன்றாண்டு, அதற்கடுத்தது இரண்டாண்டு, கடைசியது ஓராண்டு. கூட்டினால் 2 இலட்சத்து 40 ஆயிரம். பட்டம் பெற்றபின் வேலை தேட ஓராண்டு தவணை தருகிறார்கள். அந்த ஆண்டுக்கு இன்னும் 96 ஆயிரம். ஆக, 8 இலட்சம் வாங்கியவள் முதல் தவணை கட்டப் போகும் நாளிலே 11 இலட்சத்து 36 ஆயிரம் ரூபாக் கடனாளி. வட்டியெல்லாம் முதலோடு சேர்ந்துவிடுமாயின், அதன் பின் ஏழாண்டுக்கு மாதம் ஏறக்குறைய 20,050 ரூபா கட்டவேண்டும். முதல் மாதத் தவணையிலே 11,360 ரூபா வட்டிக்கே போய்விடும். ஏழாண்டு முடியும் போது அவள் கட்டிய மொத்தம் 16 இலட்சத்து 84 ஆயிரத்தைத் தாண்டியிருக்கும். வாங்கியதோ 8 இலட்சம். இதே 8 இலட்சம் வட்டியின்றிக் கிடைத்திருந்தால் ஏழாண்டுத் தவணை மாதம் 9,524 ரூபா.

வட்டியில்லாத கடன் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். நம் நாட்டிலேயே இருக்கிறது. உயர்தரப் பரீட்சையிலே சித்தியடைந்தும் அரச பல்கலைக் கழகத்திலே இடம் பெறாத மாணவர்க்காக 2017 ஆம் ஆண்டிலே அரசாங்கம் வட்டியில்லா மாணவர் கடன் திட்டமொன்றைத் தொடங்கியது. வட்டியை அரசாங்கம் ஏற்கும். முதலை மாணவர் திருப்பிக் கட்டுவார். தொடக்கத்திலே பாடநெறிக் கட்டணத்துக்காக 8 இலட்சம் ரூபா வரை கொடுக்கப்பட்டது. கைச்செலவுக்கான ஒரு பகுதியை விரும்பினோர் சேர்த்துப் பெறவும் வழியிருந்தது. இத்திட்டத்தில் மாணவர் தம் விருப்பப்படி எந்தக் கல்விக்கூடத்திலும் சேர்ந்துவிட முடியாது. அமைச்சு அறிவிக்கும் பட்டியலிலே உள்ள நிறுவனமாக இருக்க வேண்டும், அந்த நிறுவனத்திலும் பட்டியலிலே உள்ள பாடநெறியாக இருக்க வேண்டும். எந்த ஆண்டு உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றியவர்களுக்கு என்பதும் விண்ணப்பம் கோரும் அறிவித்தலிலே குறிக்கப்படும். அறிவித்தல் வரும் வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல் முதல் தவணையை நகை அடைவு வைத்துக் கட்டிவிட்டு, பின்னர் தம் பிள்ளை சேர்ந்த பாடநெறி பட்டியலில் இல்லை என்று அறிந்து வருந்தியோர் உண்டு.

பட்டியல் ஒருபுறமிருக்க, பட்டம் வழங்கும் உரிமை அந்த நிறுவனத்துக்கு இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக் கழகங்கள் சட்டத்தின் கீழ் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் இன்னவை என்று விசாரித்து அறியலாம். மதிப்பில்லாத பட்டத்துக்கு வட்டியில்லாக் கடன் வாங்கினாலும் நட்டமே.

வட்டியில்லாக் கடனைப் பற்றி இன்னொன்று. விலைவாசி ஏறும் நாட்டிலே வட்டியில்லாமற் கடன் பெறுவோன் உண்மையிலே பெற்றதைவிடக் குறைவாகவே திருப்பிக் கொடுக்கிறான். 2022 செப்டெம்பர் மாதத்திலே கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஓராண்டு முன்னையதைவிட நூற்றுக்கு 69.8 வீதம் உயர்ந்து நின்றது. அந்த ஆண்டிலே பழைய கடனின் பாரம் தானாகவே கரைந்தது. நல்ல காரியம் என்று சொல்லிவிட முடியாது. ஏனெனில் கரைந்ததை எல்லாம் பொதுமக்களின் வரிப்பணமே சுமந்தது.

ஒற்றியைப் பற்றி முன்பு சொன்னேன். தேசவழமையிலே ஒற்றி என்றால் கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாகக் காணியின் விளைவை எடுத்துக்கொள்வார். விளைந்தால் அவருக்கு இலாபம். மழை பொய்த்தால் அவருக்கும் நட்டம். இந்த எண்ணம் மேனாட்டுக் கல்விக் கடனிலே வேறு வடிவிலே தோன்றியிருப்பது வியப்புக்குரியது. பொருளியலறிஞர் மில்ற்றன் பிரீட்மன் 1955 ஆம் ஆண்டிலே எழுதிய கட்டுரை ஒன்றிலே, மாணவனுக்குப் பணம் கொடுப்போன் அவன் பிற்காலத்திலே உழைப்பதில் ஒரு பங்கைப் பெறலாமே என்று கூறினார். அமெரிக்காவிலே யேல் பல்கலைக் கழகம் 1971 இலே அதைப் போன்ற ஒன்றைச் செய்து பார்த்தது. வாங்கிய ஒவ்வோர் 1,000 டொலருக்கும் ஆண்டு வருமானத்தில் நூற்றுக்கு 0.4 வீதம், அந்த ஆண்டிற் கடன் பெற்ற குழு முழுவதன் கடனும் தீரும்வரை, அல்லது 35 ஆண்டு. இங்கேதான் இடறிற்று. கட்டாமல் விட்டவர்களுடைய பங்கையும் ஒழுங்காகக் கட்டியவர்களே சுமந்தார்கள். 1978 இலே திட்டம் நிறுத்தப்பட்டது.

அவுஸ்திரேலியா இதனைத் திருத்தமாகச் செய்தது. 1974 முதல் அங்கே பல்கலைக் கழகக் கல்வி இலவசமாக இருந்தது. 1989 இலே கட்டணம் மீண்டும் வந்தது. ஆனால் உடனே கட்டத் தேவையில்லை. உழைக்கத் தொடங்கி வருமானம் ஒரு வரம்பைத் தாண்டிய பின்னரே, வரித் திணைக்களம் வருமான வரியோடு சேர்த்து அதை அறவிடும். வேலை போய்விட்டால் தவணையும் நின்றுவிடும். 2025 இலே செய்த மாற்றத்தின்படி 67,000 அவுஸ்திரேலிய டொலருக்கு உட்பட்ட ஆண்டு வருமானம் உடையோர் ஒன்றும் கட்ட வேண்டியதில்லை. அதற்கு மேலே உழைக்கும் ஒவ்வொரு டொலருக்கும் முதலிலே 15 சதம் என்று தொடங்குகிறது. வட்டி என்று பெயரில்லை. ஆயினும் விலைவாசிக்கேற்பக் கடன் தொகை ஆண்டுக்கொரு முறை உயர்த்தப்படும். 2023 இலே அது ஒரே நாளில் 7.1 வீதம் உயர்ந்ததும் பெரும் முறைப்பாடு எழுந்தது. பின்னர் அரசாங்கம் கணிக்கும் முறையை மாற்றியது. அது மட்டுமன்று, 2025 இலே எல்லோருடைய நிலுவையிலும் ஐந்திலொரு பங்கைத் தள்ளுபடி செய்தது. இங்கிலாந்திலும் இத்தகைய முறையே. 2023 இலும் அதன் பின்னும் பட்டப் படிப்பைத் தொடங்கியோர் ஆண்டுக்கு 25,000 பவுணுக்கு மேலே உழைப்பதில் நூற்றுக்கு 9 வீதம் கட்டுவர். 40 ஆண்டில் மிச்சம் இருந்தால் அழிந்துபோகும்.

இவற்றைக் கேட்டு, நம் பிள்ளைகளை அங்கே அனுப்பினால் இந்த வசதி கிடைக்குமே என்று சிலர் எண்ணுகிறார்கள். கிடைக்காது. இவை அந்தந்த நாட்டுப் பிரசைகளுக்கும், சட்டம் கூறும் சில வகைக் குடியிருப்பாளருக்கும் உரியவை. மாணவ விசாவிலே போகும் நம் பிள்ளை முழுக் கட்டணமும் கட்டுவான். அதற்குரிய கடனை இங்கேதான் வீட்டை ஈடு வைத்துப் பெறவேண்டும். ரூபாவிலே கடன், டொலரிலே கட்டணம். 2022 மார்ச்சுத் தொடக்கத்திலே ஒரு டொலர் 200 ரூபா அளவிலே இருந்தது. மே மாதத்திலே 360 ரூபா அளவுக்கு வந்துவிட்டது. ஆண்டுக்கு 10,000 டொலர் கட்டணம் கட்டிய குடும்பத்துக்கு 20 இலட்சமாக இருந்தது இரண்டு மூன்று மாதத்திலே 36 இலட்சமாயிற்று. அதே ஏப்ரலிலே மத்திய வங்கி தன் வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 வீதப் புள்ளிகள் உயர்த்தியது. மாறும் வட்டியிலே கடன் வாங்கியிருந்தவர்க்கு அடியும் இரண்டு, உதையும் இரண்டு. படிப்பின் நடுவிலே திரும்பி வந்த பிள்ளைகளை நான் அறிவேன். பட்டம் இல்லை, கடன் மட்டும் இருந்தது.

ஈடு வைக்கும்போது காணி உறுதியைக் கொடுத்துவிட்டு வருகிறோம். 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, சட்டம் விதித்த வரம்புகளுக்கு உட்பட்டு, வங்கி நீதிமன்றம் செல்லாமலே ஈடு வைத்த சொத்தை ஏலத்தில் விற்கலாம். ‘பராட்டே’ என்று பத்திரிகைகளிலே வருவது இதுவே. மகளின் சீதனத்துக்கென்று வைத்த காணி மகனின் படிப்புக்காக ஈட்டுக்குப் போகுமாயின், அந்த மகளையும் கூட்டத்திலே வைத்துப் பேசுவது முறை என்பது என் கருத்து.

இனிப் பிணை. ‘ஒரு கையெழுத்துத்தான்’ என்று வந்தாரே, அதைச் சொல்லாமல் விடலாகாது. நம் நாட்டிலே நிலவும் ரோமன் டச்சுச் சட்டத்திலே பிணையாளிக்கு ஒரு நல்ல பாதுகாப்பு உண்டு. கடன்பட்டவனிடமும் அவன் சொத்திலும் முதலிலே அறவிட்டுப் பார், முடியாவிட்டால் என்னிடம் வா என்று அவர் சொல்லலாம். இருவர் பிணை நின்றால் ஆளுக்குப் பாதி என்றும் கேட்கலாம். ஆனால் அச்சடித்த படிவங்களிலே பிணையாளி இவ்வுரிமைகளைத் துறப்பதாக ஒரு வாசகம் வழக்கமாக இருக்கும். அதன் கீழே ஒப்பமிட்டவரிடம் முதல் தவணை தவறிய உடனேயே வந்து கேட்கலாம். மேலும், பிணை நின்ற கடன் கொடுகடன் தகவல் பணியகத்திலே அவர் பெயரோடும் பதிவாகும். நாளை தம் சொந்தப் பிள்ளைக்குக் கடன் கேட்டுப் போகும்போது, “ஐயா, நீங்கள் ஏற்கெனவே ஒரு பொறுப்பிலே இருக்கிறீர்களே” என்று முகாமையாளர் சொல்லுவார். உறவும் அயலும் முறியும் இடம் இது. தவணை தவறியவர் வெட்கத்தினாலே ஒழிந்து நடப்பார். பிணை நின்றவர் கேட்கக் கூச்சப்பட்டு ஒதுங்குவார். கோயில் வீதியிலே எதிர்ப்பட்டாலும் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொள்வர்.

அயலவருக்கு அன்று நான் கையொப்பம் வைக்கவில்லை. மறுக்கவுமில்லை. கம்பனிக்கு மீண்டும் போய் நான்கு விடயங்களை எழுத்திலே கேட்டு வரும்படி சொன்னேன். குறையும் நிலுவைக் கணக்கிலே வட்டி எத்தனை வீதம், அது மாறுமா, இடையிலே முழுவதையும் கட்டி முடித்தால் தண்டம் உண்டா, மகன் படிப்பை இடையில் நிறுத்த நேர்ந்தால் என்ன. “கேட்டால் கோபிப்பார்களோ” என்று தயங்கினார். 5 இலட்சம் வாங்குகிற மனிதன் அதைக் கொடுக்கிறவனுக்கு அஞ்சி நாலு கேள்வி கேளாமல் இருப்பது நம்மவரிடையே உள்ள விநோதமான மரியாதை.

இரண்டு கிழமை கழித்துத் தகப்பனும் மகனுமாக வந்தார்கள். எழுத்திலே பதில் தரக் கம்பனி விரும்பவில்லையாம். மகன் அதற்கிடையிலே தானாகவே ஒரு கணக்குப் போட்டிருந்தான். வட்டியில்லாக் கடனுக்கு விண்ணப்பம் கோரும்போது அவன் பரீட்சை எழுதிய ஆண்டும் அடங்கும் என்ற நம்பிக்கை அவனுக்கு இருந்தது. அதுவரை பகல் வேளையிலே ஒரு கடையிலே கணக்கெழுதவும், மாலையிலே ஆங்கிலம் படிக்கவும் தீர்மானித்திருக்கிறான். அந்த விண்ணப்பத்துக்குப் பிணை தேவைப்பட்டால் வருவதாகச் சொன்னான்.

“வா, தம்பி. ஆனால் படிவத்தின் இரண்டு பிரதி கொண்டு வா. ஒன்று எனக்கு” என்றேன்.

“அது என்னத்துக்கு, மாமா?”

“என் காணி உறுதியோடு வைத்துக்கொள்ள.”

சிரித்துக்கொண்டே போனான். படிவம் இன்னும் வரவில்லை.